கிருஷாந்தி கேட்ட மோடம்

சிரிக்க வைக்கிற ஆளை ஊருக்குப் பிடிக்கும். துஷாந்தை எங்கள் பக்கத்தில் பிடிக்காதவர்கள் கிடையாது. நோட்டன் பிரிட்ஜ் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறான். சாவு வீட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவான். குடித்துவிட்டு ரோட்டில் விழமாட்டான், பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கமாட்டான். அவன் பெண்டாட்டி கிருஷாந்திக்கு என்ன குறை என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும், ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு அவன் சிரிப்பைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்தச் சிரிப்புக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் அகப்பட வேண்டும். சந்தியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் இருக்கிற ஆள் கிருஷாந்தி ஒருத்திதான்.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் படித்துக் கொடுத்தவள். அங்கே ஒரு பழைய லெப்டொப் இருந்தது. மாற்றலாகிப் போன சின்னத்துரை ஒருவர் பிள்ளைகளுக்குப் படம் காட்டச் சொல்லி விட்டுவிட்டுப் போனது. முன்பள்ளியை மூடியபோது அதை யாரும் கேட்கவில்லை. அது கிருஷாந்தியின் தகரப்பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. கல்யாணமாகி, பிள்ளையில்லாமல் வருடங்கள் ஓடி, இந்த வருடம்தான் அதற்கு ஒரு வேலை வந்தது. கனடாவில் இருக்கிற ஒரு அம்மா அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்டர்நெட் வழியாக எழுத்துப் படித்துக் கொடுக்க டீச்சர்மார் தேடினாள். கிருஷாந்தியோடு படித்த சிநேகிதி ஒருத்தி இவள் பெயரைக் கொடுத்துவிட்டாள். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாவின் மகளுக்கே ஒரு பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை.

கிருஷாந்தி அந்த வேலையை எவ்வளவு விரும்பினாள் என்று துஷாந்துக்கு நன்றாகத் தெரியும். அவள் ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து சுவரைப் பார்த்து, “ம, மா, மி” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் சந்தி முழுக்க நடித்துக் காட்டியிருந்தான்.

ஆனால் லெப்டொப்பில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை. இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினார்கள்.

பஸ் நிலையத்துக்கு மேலே உள்ள ரோட்டில் லாபிர் நானாவின் கடை. போன், லெப்டொப் திருத்துகிறவர். அவர் மனைவி ஜிப்ரியா கல்லாவில் இருப்பாள். லாபிர் நானா லெப்டொப்பின் முதுகைக் கழற்றி, லைட்டடியில் பிடித்து, உதட்டைப் பிதுக்கினார்.

“உள்ளுக்கு இருக்கிற வைஃபை கார்டு செத்துட்டு தம்பி.”

“வேற ஒண்ணு போடுங்க நானா,” என்றான் துஷாந்த்.

“போடலாம். ஆனா இந்த மிஷினுக்குத் திமிரு. இதச் செஞ்சவன் தன்ட கார்டத் தவிர வேற எதச் சொருகினாலும் ஸ்டார்ட் ஆக விடமாட்டான். அந்தக் கார்டுக்கு இப்ப எங்க போறது?” லெப்டொப்பைப் பக்கவாட்டில் திருப்பினார். “யூஎஸ்பி ஓட்டையெல்லாம் பச்ச புடிச்சிக் கெடக்கு. மழத்தண்ணி போயிருக்கு. அதுல ஒண்ணும் குத்த ஏலாது. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்.”

வலப்பக்க விளிம்பில் விரலை வைத்து அழுத்தினார். தட்டையான கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்று வெளியே வந்தது. பார்க்கக் கார்டு மாதிரியே இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. தூசி போகாமல் கம்பனிக்காரன் சொருகி வைக்கிற வெறும் பிளாஸ்டிக்.

“இந்த இடத்துல கார்டு போடலாம்,” என்றார். “இந்தச் சாமான் இப்ப யாரும் கேக்கிறல்ல. இருங்க, தேடிப் பாப்பம்.”

கடைக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து கிளறினார். முதலில் எடுத்த கார்டு அகலம் கூடி உள்ளே நுழையவில்லை. அது இன்னும் பழைய காலத்து லெப்டொப்புக்கு உரியது. அடுத்ததும் அப்படித்தான். அடியிலிருந்து பொருந்துகிற மாதிரி இரண்டு கிடைத்தன. இரண்டையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இது வைஃபை. போன்ல ஹொட்ஸ்பொட் போட்டா இது புடிச்சிக்கும். இது மோடம். இதுக்குள்ளயே சிம் போடலாம்.”

அதுவரை பேசாமல் நின்ற கிருஷாந்தி ஒரு அடி முன்னால் வந்தாள்.

“சிம் போட்டா, போன் இல்லாமலே வேலை செய்யுமா நானா?”

“செய்யும்.”

“அந்த சிம்மை எம் பேர்ல எடுக்கலாமா?”

“யார்ட பேர்லயும் எடுக்கலாம் மகள்.” லாபிர் நானா மோடத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “ஆனா நீங்க எங்க இருக்கீங்க?”

“நோட்டன் பிரிட்ஜ் பக்கம் நானா,” என்றான் துஷாந்த்.

“லயத்துக்குள்ள சிக்னல் வருதா?”

“காம்பராவுக்குள்ள ஒரு கம்பி கூட வராது. வாசல் இஸ்தோப்புக் கூரை ஓரத்துல ஒரு ஆணி இருக்கு. அதுல போனைத் தொங்கவிட்டாத்தான் ரெண்டு கம்பி.”

“அப்ப கதை முடிஞ்சிது. மோடம் லெப்டொப்போட இருக்கும். லெப்டொப் உள்ளுக்கு இருந்தா மோடமும் உள்ளுக்கு. சிக்னல் எங்கால வரும்? வைஃபைன்டா போன் அதுபாட்டுல ஆணியில கெடக்கும், மகள் உள்ளுக்கு இருந்து வேலையப் பாக்கலாம். அதோட இந்த மோடம் த்ரீ ஜி. அத ஒவ்வொரு எடமா நிப்பாட்டிட்டு வாறாங்க. இன்னும் எவ்வளவு நாளைக்கு ஓடும்னு நான் சொல்ல ஏலாது.”

லாபிர் நானா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வைஃபைதான் சரியான கார்டு. யாரிடம் போய்க் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கொடுமை அங்கேதான் இருக்கிறது.

கல்லாவிலிருந்து ஜிப்ரியா கேட்டாள்.

“ஆணி இஸ்தோப்புலதானே? லெப்டொப்ப அங்க கொண்டு வச்சி இருந்தா என்ன?”

“மழை சாரல்லயா?” என்றார் லாபிர் நானா. “ஏற்கெனவே தண்ணி குடிச்ச மிஷின்.”

“நான் மழையப் பத்திக் கேக்கல்ல. ஆணியில தொங்குற போன் யார்ட?”

லாபிர் நானாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. துஷாந்துக்கு விளங்கியது. ஒரு நொடி அவளை உற்றுப் பார்த்தான். பிறகு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“என்னோடதுதாங்க்கா. வேற யாரோடது? இவளுக்குத் தனி சிம் வாங்கிக் குடுத்தா நாளைக்குத் தனி லயம் கேப்பா. நாளன்னைக்குத் தனிப் புருசன் கேப்பா. நா எங்க போறது?”

போன் கண்ணாடி மாற்ற வந்து நின்றவர்கள் சிரித்தார்கள். லாபிர் நானாவும் சிரித்தார். கிருஷாந்தியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அடுத்த பகிடி அதைப் பற்றியதாக இருக்கும் என்று அவள் இத்தனை வருடத்தில் படித்திருந்தாள்.

வைஃபை கார்டைச் சொருகி, அதற்குரிய டிரைவர் சொஃப்ட்வெயரைத் தேடிப் போட்டு, ஜிப்ரியாவின் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுப் பிடித்துப் பார்த்தார்கள். சட்டென்று பிடித்தது. ஜிப்ரியா அந்த பிளாஸ்டிக் துண்டைத் தூக்கிப் போடாமல் பையில் போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போது கிருஷாந்தியின் காதருகே குனிந்தாள்.

“அந்த மோடத்த நான் விக்கமாட்டேன். எடுத்து வைக்கிறேன். சரிவரல்லன்டா வாங்க.”

கிருஷாந்தி தலையாட்டினாள். துஷாந்த் படியிறங்கிவிட்டிருந்தான்.

எங்கள் லயத்தில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் காம்பராக்கள். ஒரு வீட்டில் ஹொட்ஸ்பொட் போட்டால் அந்தப் பெயர் வரிசையில் உள்ள எல்லார் போனிலும் தெரியும். அதனால் ஆளுக்கொரு பெயர் வைத்து மற்றவர்களைச் சீண்டுவார்கள். பக்கத்து வீட்டு மூக்கன் ‘தொரை பங்களா’ என்று வைத்திருந்தான். கோடியில் இருக்கிற அழகுமுத்து ‘கேக்காதே’ என்று வைத்திருந்தான். யாராவது இரவல் கேட்டு வந்தால் போனைத் திருப்பிக் காட்டுவான். நல்ல பெயர் வைக்கிறவனுக்கு ஒரு வாரம் லயத்தில் மரியாதை. துஷாந்த்தான் இதில் ராசா.

கார்டு வந்த முதல் நாள் அவன் வைத்த பெயர் ‘டீச்சரம்மா’. கிருஷாந்திக்கே சிரிப்பு வந்தது. போன் பிளாஸ்டிக் பைக்குள் ஆணியில் ஆடிக்கொண்டிருக்க, உள்ளே கட்டிலில் லெப்டொப்பை வைத்துக்கொண்டு எப்படித் திரையைப் பிள்ளைக்குக் காட்டுவது, எப்படிப் பெரிய எழுத்தில் சொற்களை எழுதுவது என்று பழகினாள். பேச்சு உடைந்தால் மூலையில் இருக்கிற வைஃபை அடையாளத்தை அமுக்கி எத்தனை கம்பி என்று பார்ப்பாள். மலையில் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம் அது. ஹலோ கேட்கவில்லையென்றால் எங்கள் கண் தானாகவே கம்பிக்குப் போய்விடும்.

ஆட்டோவுக்கு ஹயர் வந்தால் துஷாந்த் போனைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான். அது அவன் தொழில், குறை சொல்ல முடியாது. ஹயர் இல்லாதபோதும் கழற்றிக்கொண்டு போனான். “இருங்க, இந்த ஒரு பக்கத்த முடிச்சுக்கிறேன்,” என்று அவள் வாசல் வரை ஓடிவருவாள். அவன் ஆட்டோவை ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து, இஸ்தோப்பில் இருப்பவர்களைப் பார்த்து, “பாருங்க, என் மேல எம்புட்டு ஆசை!” என்பான். அவர்கள் சிரிப்பார்கள்.

அடுத்து வைத்த பெயர் ‘வேலைக்காரி’. சனிக்கிழமை, பாடத்துக்கு முந்தின நாள், அவள் வைஃபை அடையாளத்தை அமுக்கியபோது ‘தொரை பங்களா’வுக்கு மேலே ‘மலடி’ என்று இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துஷாந்தின் போனுக்கு இப்போது இருந்த பெயர் அதுதான். இணைய வேண்டுமென்றால் அந்தச் சொல்லின் மேல்தான் அமுக்க வேண்டும்.

சுவர் கூரை வரைக்கும் போகாத காம்பரா. மூக்கன் வீட்டுப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர்கள் போனுக்கும் வந்துவிட்டது.

துஷாந்த் வந்ததும் அவள் கேட்டாள். “அந்தப் பேரை மாத்துங்க.”

“எந்தப் பேரு?” என்றான் அவன். அவள் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தான்.

அவள் சொல்லவில்லை. “நாளைக்கிப் பாடம் இருக்குங்க.”

“கனடாக்காரங்களுக்கு நம்ம ஹொட்ஸ்பொட்டா தெரியப்போகுது? சும்மா வெளையாட்டுக்கு வச்சேன். இதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்குனா எப்பிடி? மாத்திர்றேன், போ.”

மாற்றவில்லை. மறந்துவிட்டான் என்று வேண்டுமானால் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன்.

ஞாயிறு விடிந்தபோது பனி மூட்டமாக இருந்தது. கனடாவில் அது சனிக்கிழமை ராத்திரி. கிருஷாந்தி குளித்து, கல்யாணத்துக்குப் பிறகு கட்டாத முன்பள்ளிச் சேலையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். போன் ஆணியில் தொங்கியது. லெப்டொப்பில் அந்தச் சொல் அப்படியே இருந்தது. மாற்றச் சொல்லி மறுபடி கேட்க நேரமில்லை. கேட்டால் அவன் போனையே கழற்றிவிட்டால் என்ன செய்வது? அவள் அந்தச் சொல்லின் மேல் அமுக்கினாள். இணைந்தது.

திரையில் இரண்டு சடை போட்ட ஒரு பெண்பிள்ளை வந்தது. இயலினி என்று பெயர். பக்கத்தில் அவள் அம்மாவின் தோள் மட்டும் தெரிந்தது.

“வணக்கம் டீச்சர்,” என்றது பிள்ளை, அம்மா கிள்ளிவிட்ட மாதிரி.

கிருஷாந்தி தன் திரையைக் காட்டினாள். பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: மரம், மடி, மணி, மலை. முதல் சொல்லில் பிள்ளை திக்கியது. “ம... ர...” என்று நிறுத்தி அம்மாவைப் பார்த்தது. கிருஷாந்தி அவசரப்படவில்லை. “அம்மா முகத்துல எழுதியில்ல கண்ணு, இங்க பாருங்க,” என்றாள். பிள்ளை சிரித்துவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டியது. மலை என்ற சொல்லைச் சேர்த்து வாசித்ததும் கிருஷாந்தி லெப்டொப்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். அந்த நேரம் பார்த்துப் பனி விலகி, மேலே தேயிலையும் அதற்கு மேலே காடு மண்டிய உச்சியும் தெரிந்தன.

“இதாங்க கண்ணு மலை. நீங்க வாசிச்சீங்கள்ல, அது இதுதான்.”

“அம்மா! மலை! உண்மையான மலை!” என்று அந்தப் பிள்ளை கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. இஸ்தோப்பில் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்த துஷாந்துக்கும் கேட்டது. கிருஷாந்தியின் குரல் அவளுடைய குரலாகவே இல்லை. முன்பள்ளியில் இருந்த காலத்துக் குரல் அது. அவன் கல்யாணம் பேசிவந்த நாளில் கேட்டது, அதற்குப் பிறகு கேட்காதது.

மலைக் காற்று அடித்தது. ஆணியில் பை ஆடியது.

“டீச்சர், உங்கட குரல் வெட்டி வெட்டி வருது,” என்றாள் இயலினி.

கிருஷாந்தியின் கை யோசிக்காமல் மூலைக்குப் போனது. கம்பி எத்தனை என்று பார்க்க வைஃபை அடையாளத்தை அமுக்கினாள். தன் திரை முழுவதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது என்பது அமுக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

பெயர்கள் விரிந்தன. எழுத்துக் கூட்டுகிற ருசி அப்போதுதான் நாக்கில் ஏறியிருந்த பிள்ளை, புதுச் சொல் ஒன்றைக் கண்டதும் விடுமா?

“ம... ல... டி. மலடி!” கையைத் தட்டியது. “நான் தனிய வாசிச்சிட்டன் டீச்சர்! மலடி எண்டா என்ன? உங்கட பேரா?”

மூக்கன் வீட்டில் சிரிப்பு வெடித்தது. அதற்கடுத்த வீட்டிலும். இஸ்தோப்பில் துஷாந்த் தொடையைத் தட்டிச் சிரித்தான். வரிசை முழுக்கச் சிரித்தது என்றே சொல்லலாம். நாசமாய்ப் போன சிரிப்பு.

கிருஷாந்தி அந்தப் பெட்டியை மூட முயன்றாள். அவசரத்தில் அது மறுபடி மறுபடி திறந்தது. பிள்ளை பதிலுக்குக் காத்திருந்தது. பிழையாக வாசித்துவிட்டோமோ என்று அதன் முகம் சுருங்கத் தொடங்கியது. அதை கிருஷாந்தி பார்த்துவிட்டாள்.

“சரியாத்தான் வாசிச்சீங்க கண்ணு,” என்றாள். “ஒரு எழுத்தும் பிழையில்ல. கெட்டிக்காரி.”

“டீச்சர்...” என்று தாயின் குரல் வந்தது. அத்தோடு திரை உறைந்துவிட்டது.

துஷாந்த் ஆணியிலிருந்து போனைக் கழற்றியிருந்தான். தாயின் குரல் கேட்டதும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. லயத்துக்காரர்கள் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். சிரிக்காத ஒரு ஆள் இதைக் கேட்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

அவன் கையிலேயே போன் அடித்தது. கனடா நம்பர். பாடத்துக்காகக் கிருஷாந்தி கொடுத்திருந்தது அவன் நம்பரைத்தான்; அவளுக்கு வேறு ஏது? அவன் கைக்குள் போனைப் பொத்திக்கொண்டு படியேறி ரோட்டுக்குப் போய், சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மதகுக் கட்டில் நின்று எடுத்தான்.

“நீங்கள் கிருஷாந்தி டீச்சரின்ர அவரோ?”

“ஆமாங்க மேடம்.”

“அந்தப் பேரை வச்சது ஆர்?”

“பக்கத்து வீட்டுப் பொடிப்பயலுக மேடம். லயத்துல இப்பிடித்தான் வெளையாடுவானுக.”

பிறகு அந்தப் பெண் சொன்னாள்.

“டீச்சரிட்டச் சொல்லுங்கோ, அதுக்கு அவ வெக்கப்பட ஒண்டுமில்லை எண்டு. என்ர பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைக் கண்டாலே ஓடி ஒளிக்கிறவள். இண்டைக்குத் தானா வாசிச்சவள். இப்ப மலையைக் கீறிக்கொண்டு இருக்கிறாள். எங்களுக்கு அவதான் வேணும். அடுத்த ஞாயிறு இதே நேரம் தொடங்குவம். போனை அவவிட்டக் குடுங்கோ, நானே சொல்லுறன்.”

“அவ அழுதுக்கிட்டு இருக்கா மேடம். நானே சொல்லிர்றேன்.”

“கட்டாயம் சொல்லுங்கோ. பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாள்.”

துஷாந்த் மதகுக் கட்டில் உட்கார்ந்தான். அவன் கெட்டவன் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போனால் எனக்கு ஆறாது. அவன் பயந்தான். இனி ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெண் வருவாள். ஒருநாள் கிருஷாந்தியிடமே கேட்பாள், யார் வைத்தது என்று. கிருஷாந்தி சொல்லுவாள். பிறகு உலகத்தில் எங்கோ ஒரு வீட்டில் துஷாந்த் என்றால் யாருக்கும் சிரிப்பு வராது. அவனால் அதைத் தாங்க முடியாது. அவள் தன் வாழ்க்கையையே தொலைத்தாலும் அவனால் தாங்க முடியும். அதை மட்டும் முடியாது.

அந்த நம்பரை அழைப்பு வராதபடி தடுத்துவிட்டு அவன் படியிறங்கினான்.

கிருஷாந்தி வாசலில் நின்றாள். முன்பள்ளிச் சேலையின் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

“என்னங்க சொன்னாங்க?”

“வேணாம்னுட்டாங்க.”

அவள் தலைப்பை விட்டுவிட்டு வாசல் நிலையைப் பிடித்தாள்.

“சின்னப் புள்ளைக்கு முன்னால இப்பிடியெல்லாமா காட்டுறதுன்னு கேட்டாங்க. நானும் எம்புட்டோ கெஞ்சிப் பாத்தேன். என்னா செய்யச் சொல்ற? வச்சது நாந்தான், ஒத்துக்கிறேன். ஆனா அதத் தொறந்து காட்டுனது யாரு?”

“நாந்தாங்க,” என்றாள் கிருஷாந்தி. “நாந்தான் தொறந்தேன்.”

“அதான சொல்றேன்,” என்றான் துஷாந்த், மெதுவாக, ஆறுதல் சொல்கிற குரலில். அந்தக் குரலை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அந்த வாரத்திலேயே ஒருநாள் கிருஷாந்தி தனியாக பஸ் ஏறி லாபிர் நானாவின் கடைக்குப் போனாள். வைஃபை கார்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். லாபிர் நானா குழம்பிப் போனார்.

“ஏன் மகள், வேலை செய்யல்லயா?”

“நல்லா வேலை செஞ்சுது நானா. எல்லாமே நல்லாத் தெரிஞ்சுது.”

ஜிப்ரியா கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். லாச்சியைத் திறந்து மோடத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டும் அவள் கொடுத்திருக்கவில்லை.

“இத எடுத்துட்டுப் போங்க. இஸ்தோப்புல குந்துங்க, மழன்டா குடையப் புடிச்சிட்டுக் குந்துங்க. உங்கட பேர்ல சிம் எடுப்பம், இப்பவே போவம்.”

“இனி என்னாத்துக்குக்கா? வேணாம்னுட்டாங்க.”

“யார் சொன்ன? உங்களுக்கிட்டயா சொன்னாங்க?”

“அவருகிட்ட சொன்னாங்க.”

ஜிப்ரியா அவள் முகத்தையே பார்த்தாள். “நீங்களே ஒருக்கா எடுத்துக் கேளுங்களேன். இந்தா, என்ட போன்ல எடுங்க.”

“நம்பர் அவரு போன்லதான் இருக்கு. சிநேகிதிகிட்ட கேட்டா கெடைக்கும்.” கிருஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். “இருந்தாலும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கிறதுக்கா? அந்தப் புள்ள வாயால அதச் சொல்ல வச்சிட்டேனே.”

ஜிப்ரியாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் புருசன்மேல் காட்டினாள். “உங்கட வைஃபையும் நீங்களும்!” என்றாள். லாபிர் நானா, தான் சொன்னதில் என்ன பிழை என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கார்டை உருவி எடுத்தார். கிருஷாந்தி பைக்குள்ளிருந்து அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் துண்டை எடுத்து, அவளே அந்த இடத்தில் சொருகினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

அடுத்த ஞாயிறு வந்தது.

துஷாந்த் அந்த வாரம் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்தான். சந்தியிலிருந்து வரும்போது அவளுக்குப் பிடித்த உழுந்து வடை வாங்கி வந்தான். அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் போனை ஆணியில் தொங்கவிட்டான். லயத்துப் பெண்கள், இப்படி ஒரு புருசன் யாருக்குக் கிடைப்பான் என்று பேசிக்கொண்டார்கள்.

காலையில் கிருஷாந்தி பீலியடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு படியேறி வந்தாள். லெப்டொப் தகரப்பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் கிடந்தது. துஷாந்த் இஸ்தோப்பில் நின்று போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

“இங்க பாரு. பேரை மாத்திட்டேன்.”

அவள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே குனிந்து பார்த்தாள். ‘கிருஷாந்தி’ என்று இருந்தது.

“ஒம் பேரையே வச்சிட்டேன். இனிமே ஒரு பய சிரிக்கமாட்டான். சந்தோசமா?”

அந்த நேரம் கனடாவில் அந்தப் பிள்ளை சடை பின்னி, முகம் கழுவி, அம்மாவின் பக்கத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. மடியில் ஒரு தாள் இருந்தது. அதில் பச்சையில் ஒரு மலை வரைந்து, அடியில் கோணல்மாணலாக மலை என்று எழுதி, டீச்சரிடம் காட்டக் காத்திருந்தது. அம்மா போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தாள்.

துஷாந்த் போனைப் பைக்குள் போட்டு ஆணியில் மாட்டினான். இரண்டு கம்பி இருந்தது. போன் சத்தமில்லாமல் தொங்கியது.

“நல்லா இருக்குங்க,” என்றாள் கிருஷாந்தி, குடத்தை இறக்கி வைத்துக்கொண்டே.